ஸ்டெபிலைசர் என்று விட்டுப் போன பெட்டி

அன்பு மகள் குந்தவைக்கு,

என் மூட்டுவலியைத் தவிர இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்களா. மேட்டூர் திறந்தும் நம் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை, அப்பா தினமும் மதகடி வரை நடந்துவிட்டு வந்து என் மேல் எரிந்து விழுகிறார், அது கிடக்கட்டும். போன தடவை நீ அப்பாவுக்கென்று கொண்டுவந்த ஆம்ப்ளிபயரை உன் சித்தப்பா தியாகராசன் தூக்கிப் போய்விட்டான், அவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆடி அமாவாசைக்கு நாங்கள் கோடியக்கரையில் முழுக்குப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் மேசை காலி. கேட்டதற்கு, "அண்ணன் வீட்டுச் சாமான், நான் எடுக்காம யாரு எடுப்பா" என்கிறான். அப்பா வழக்கம்போல் தம்பிதானே என்று உருகி, வைத்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்.

ஆனால் செட்டோடு நீ கொடுத்த அந்த இரும்புப் பெட்டியை விட்டுப் போயிருக்கிறான். ஏதோ ஸ்டெபிலைசராம், புது வீட்டில் கரண்ட் சீராக வருமாம், இதை யார் சுமப்பது என்றானாம். உங்கள் ஊர் கரண்ட் நூற்றுப்பத்து, நம்முடையது இருநூற்று முப்பது, இந்தப் பெட்டி நடுவில் இல்லாவிட்டால் செட் புகைந்துவிடும் என்று நீ எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாயே, நான் அவனிடம் மூச்சு விடவில்லை. அமெரிக்கா பிளக் சுவரில் நுழையவில்லை என்று வெட்டி எறிந்துவிட்டு மூன்று கால் பிளக் மாட்டியிருக்கிறான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் புதுமனை புகுவிழா, நல்ல நேரத்தில்தான் முதல் பாட்டு என்று சந்தனம் குங்குமம் வைத்துத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான், ஊரையே அழைத்து அமெரிக்கா செட், வந்து கேளுங்கள் என்கிறான். கூத்தாநல்லூரில் வெளிநாட்டுச் சாமான் பழுது பார்க்கும் அப்துல் ரஹ்மானிடம் விசாரித்தேன், செட்தான் கருகும், பியூஸ் போய்விடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அது போதும் எனக்கு.

உன் கல்யாணத்தில் பந்தலுக்கு நடுவே வந்து, "தானா புருஷன் தேடிக்கிட்டவளுக்கு மைக் செட்டு ஒரு கேடா" என்று வயரைப் பிடுங்கிப் போட்டானே, அத்தனை பேர் முன்னால் நீ தலை குனிந்து நின்றாயே, அன்றிலிருந்து என் வயிறு எரிகிறது குந்தவை. இப்போது அவன் பந்தலிலும் பாட்டு நிற்கட்டும். நான் பட்டுப்புடவை கட்டி, சீர்த்தட்டோடு போய் முன்வரிசையில் உட்காரப் போகிறேன்.

தீர்க்க சுமங்கலியாக, சீக்கிரம் மடி நிறைந்து வாழ வேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. இனி எது வாங்கினாலும் நம் ஊர் கரண்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்கு. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். சொன்னால் உனக்கு மனசு கேட்காது, சித்தப்பாவைக் கூப்பிட்டு எச்சரித்துவிடுவாய், நீயும் உன் அப்பா பெண்தானே. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் புகைந்து முடிந்திருக்கும்.

உன் அம்மா,
அமிர்தம்