சின்னது ரெண்டா, நல்லது ஒண்டா

07.02.1999, ஞாயிறு

என் மூத்த மகள் அஸீஸாவின் மகள் றுஸ்தா, மூன்றாம் வருடப் பரீட்சையில் பெண் பிள்ளைகளுக்குள் முதலாவதாக வந்திருக்கிறாள். எஞ்சினியர் படிப்பு. எங்கள் தெருவில் இருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் பிள்ளை. இளைய மகள் கைருன்னிஸாவின் மகன் ஜுனைட், உயர்தரப் பரீட்சையில் எல்லாப் பாடமும் சித்தி. கெம்பஸுக்கு, பல்கலைக்கழகத்துக்கு எடுபட, கொஞ்சப் புள்ளிதான் போதாமல் போனது. அதனால் என்ன? டியூஷனில் அவனிடம் கணக்குப் படிக்க அறுபது பிள்ளைகள் வருகிறார்கள். கட்டாரில் இருக்கும் என் மகன் சமதின் சின்னவள் ஐந்து வயதில் பதினொரு சூறா மனப்பாடம். மாஷா அல்லாஹ்.

பெருமை பேசக் கூடாது என்று பிள்ளைகளின் வாப்பா இருந்த காலத்தில் சொல்வார். நான் பேசவில்லையே, எழுதித்தானே வைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியவர்கள் இப்போது இருந்தால் இந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியிருப்பேன்.

சமதின் கடிதமும் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறானாம். மடியில் வைத்து வேலை செய்கிற கொம்பியூட்டர், லெப்டொப் என்று பெயர், அதைக் கொண்டுவருவானாம். ஒரே விலைக்கு ரெண்டு வழி. சின்னது என்றால் ரெண்டு வாங்கலாம், றுஸ்தாவுக்கு ஒன்று, ஜுனைட்டுக்கு ஒன்று. பலமான சாமான் என்றால் ஒன்றுதான் வரும். சின்னதுக்கு நினைவு பதினாறாம், பெரிசுக்கு அறுபத்துநாலாம். எது எதை நினைக்கப் போகிறதோ!

“முடிவை நீங்க சொல்லுங்க உம்மா. நான் சொன்னா ரெண்டு ராத்தாமாரும் என்னைத்தான் பிய்ப்பாங்க” என்று முடித்திருக்கிறான். அக்காமார் ரெண்டு பேரையும் என் தலையில் கட்டிவிட்டான், கெட்டிக்காரன்.

08.02.1999, திங்கள்

இதில் யோசிக்க என்ன இருக்கு? ஒரே வளவில் ரெண்டு மகள்மாருக்கும் ரெண்டு வீடு. நான் இருப்பது அஸீஸாவோடு. நடுவில் வேலி, வேலியில் போய்வர ஒரு கடப்பு. வெளிநாட்டில் இருந்து எது வந்தாலும் ரெண்டாகத்தான் வரும். ரெண்டு கம்பளி, ரெண்டு இஸ்திரிப் பெட்டி, ரெண்டு சுவர் மணிக்கூடு. ஒரு மணிக்கூடு நாலாம் மாதமே நின்றுவிட்டது. சண்டை வேண்டாம் என்று ஓடின மற்றதையும் கழற்றி வைத்த ஆள் நான்.

“ரெண்டு” என்று எழுதிப் போஸ்ட் பண்ணினேன். மகள்மாரிடமும் சொன்னேன். ரெண்டு முகத்திலும் சிரிப்பு.

13.02.1999, சனி

றுஸ்தா ரெண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள். வழியில் நாலு இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, இறக்கிப் பேக்கைக் கொட்டிப் பார்த்தார்களாம். களைப்பு என்று நினைத்தேன். களைப்பில்லை.

“சின்னதுதான் வருதாமே உம்மம்மா.”

“ஓம். உனக்கொண்டு, அவனுக்கொண்டு. சந்தோசம்தானே?”

“சந்தோசம்.”

பாகற்காயை மென்றுகொண்டு சொல்வது போல் சொன்னாள். பிடித்து உலுக்கினேன். பிறகுதான் வந்தது. கடைசி வருட வேலையாக ஒரு பாலத்தை கொம்பியூட்டரில் வரைந்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்ட வேண்டுமாம். அதை வரையக்கூடிய மெஷின் கெம்பஸில் நாலுதான். இவளுக்கு முறை வரும்போது மாலை ஆறு மணி. ஆறரைக்கு பெண் பிள்ளைகள் விடுதிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆண் பிள்ளைகள் இருந்து வரைகிறார்கள்.

“சின்னதுல அந்தப் பாலம் ஏறாது உம்மம்மா. பரவாயில்ல, கையால வரைஞ்சு குடுக்கிறன்.”

“கையால குடுத்தா?”

“சும்மா பாஸாவன். மேல்தரக் கிளாஸ் கிடைக்காது. கிளாஸ் இல்லாத பொம்புளப் புள்ளய பாலம் கட்டுற கொம்பனிக்கு எவன் எடுப்பான்?”

அஸீஸா உள்ளே இருந்து, “அவ சொல்றதக் கேட்டுக் குழம்பாதீங்க உம்மா, தங்கச்சியோட எனக்குச் சண்டை வேணாம்” என்றாள்.

நான் என்ன செய்துபோட்டேன்?

15.02.1999, திங்கள்

பிறர் சொல்லிக் கேட்டது காணும். கண்ணால் பார்க்க வேண்டும். றுஸ்தா கெம்பஸில் வரையத் தொடங்கின பாலம் இருக்கும் டிஸ்க்கை விட்டுப்போயிருந்தாள். அதை எடுத்து, ஜுனைட்டையும் கூட்டிக்கொண்டு கல்முனை பஸாரில் உள்ள கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுப்பவள் பாண்டிருப்புப் பிள்ளை, சுஜித்தா. அங்கிருப்பது சமதின் சின்னதுக்குச் சமமான மெஷினாம்.

முதலில் ஜுனைட் டியூஷன் பிள்ளைகளுக்கு அடிக்கிற வினாத்தாள். தட்டின உடன் வந்தது. பிறகு றுஸ்தாவின் பாலம். மணல் கடிகாரம் ஒன்று மட்டும் வந்து நின்றது. நான் தஸ்பீஹ் மணியை எடுத்தேன். மூன்று சுற்று ஓதி முடிக்கையில் பாலத்துக்கு ஒரு கால் வந்திருந்தது. நாலாம் சுற்றில் எல்லாம் உறைந்துபோய், சுஜித்தா வயரைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

“சின்னது கூடாத சாமானில்ல உம்மா. ரைப் பண்ண, கணக்குப் போடக் காணும். இந்த வேலைக்குத்தான் காணாது. இன்னும் ரெண்டு வருசம் போனா புதுசு எதையும் ஏத்தவும் மாட்டாது.”

பஸ்ஸில் ஜுனைட் சொன்னான்: “ராத்தாக்கு நல்லதை எடுங்க உம்மம்மா. எனக்கு வேணாம்.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இதை இவன் உம்மா கேட்டால் வீடு ரெண்டுபடும். அதோடு, வேணாம் என்று ஒரு பிள்ளையைச் சொல்லவைத்து எடுப்பதும் ஒரு முடிவா?

20.02.1999, சனி

வயலில் நெல் வெட்டு. நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் வாப்பா விட்டுப்போனது. இது என் போகம். வரப்போகும் சிறுபோகம் தங்கச்சி உம்முவுடையது, அவளும் பார்க்க வந்தாள்.

“என்னகா ராத்தா, நெல்லு இப்பிடி விளைஞ்சு கிடக்கு, மூஞ்சி அவிஞ்ச பூசணிக்கா மாதிரிக் கிடக்கு?”

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வெட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இந்த வயலுக்கு வாப்பா நடுவால வரம்பு போட்டாரா? வயசுதான் உனக்கு மூப்பு, புத்தி எனக்குத்தான்!”

போடவில்லை. தண்ணீர் ஒரு மூலையால்தான் வருகிறது. நடுவில் வரம்பு போட்டிருந்தால் கீழ்ப்பாதி காய்ந்திருக்கும். அதனால் ஒரு போகம் எனக்கு, மறு போகம் அவளுக்கு. முப்பத்தாறு வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறோம். ரெண்டாக வெட்டாத வயலில் சாப்பிட்டுக்கொண்டே லெப்டொப்பை வெட்டப் பார்த்திருக்கிறேன்.

22.02.1999, திங்கள்

கொமினிகேஷன் கடையில் இருந்து சமதுக்குப் போன் எடுத்தேன்.

“ஒண்டு. நல்லது. பெற்றரியும் நல்லதாப் பாரு, இஞ்ச கரண்ட் நிண்டு நிண்டுதான் வருது.”

“அய்யோ உம்மா, உங்கட கடிதத்தைப் பாத்து ரெண்டுக்கும் அட்வான்ஸ் குடுத்திட்டன்!”

“போய் மாத்து.”

“கடைக்காரன் ஏசுவான் உம்மா.”

“ஏசட்டும். உனக்குத்தான் அரபு விளங்குமே, கேட்டுக்கொண்டு நில்லு.”

23.02.1999, செவ்வாய்

மஃரிப் தொழுகைக்கு முன்னம் ரெண்டு மகள்மாரையும் இருத்தி முடிவைச் சொன்னேன். லெப்டொப் ஒன்று. சிறுபோகம் முழுக்க றுஸ்தாவுக்கு, செப்டெம்பர் கடைசி வரை. ஒக்டோபர் முதலாம் திகதி பெரும்போகத்தோடு ஜுனைட்டின் கைக்கு வரும், ஆறு மாதம் அவன் வைத்திருப்பான். பிறகு மாறும்.

அஸீஸா நிலத்தைப் பார்த்தாள். கைருன்னிஸா எழும்பிவிட்டாள்.

“என்ட புள்ளைக்குப் புள்ளி காணாமப் போனதுக்கு இது தண்டனையா உம்மா? ரெண்டெண்டு சொன்ன வாய் என்னத்துக்கு ஒண்டெண்டு சொல்லுது? அவ தேச்சு முடிச்சதத்தான் இவன் எடுக்கணுமா?”

“தேயாதெண்டுதான் நல்லதை எடுக்கிறன். சின்னதெண்டா ரெண்டு வருசத்துல ரெண்டு வீட்டிலயும் சும்மா கிடக்கும், மணிக்கூடு மாதிரி.”

“ஒக்டோபர்ல அவ தாறதை நான் கண்ணால கண்டாத்தான் நம்புவன்.”

சொன்ன வாய் பிழைதான். முதலில் விசாரித்திருக்க வேண்டும், பிறகு வாயைத் திறந்திருக்க வேண்டும். அதை அவளிடம் ஒத்துக்கொண்டேன். முடிவை மாற்றவில்லை.

24.02.1999, புதன்

கைருன்னிஸா கடப்பைத் தகரம் வைத்து அடைத்துக் கட்டிவிட்டாள்.

05.03.1999, வெள்ளி

இன்னும் தகரம். அவள் வீட்டுக்கு ரோட்டால் சுற்றிப் போனேன். தேத்தண்ணீரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நாளையும் போவேன்.

28.03.1999, ஞாயிறு, ஹஜ்ஜுப் பெருநாள்

சமது வந்து நாலு நாள். சாமானை என் மடியில் வைத்தான். வட்டிலப்பச் சட்டியைவிடப் பாரம் குறைவு. றுஸ்தா டிஸ்க்கைப் போட்டாள். நான் தஸ்பீஹை எடுக்கக்கூட இல்லை, பாலம் முழுக்க நாலு காலோடும் வந்து நின்றது. றுஸ்தா அழுதாள். ஜுனைட் எட்டிப் பார்த்து, “மற்றப் பக்கம் திருப்புங்க ராத்தா” என்றான்.

கைருன்னிஸா சுற்றுவழியால் வந்து ஸலாம் சொல்லிச் சாப்பிட்டாள். மெஷின் இருந்த பக்கம் பார்க்கவேயில்லை.

11.06.1999, வெள்ளி

றுஸ்தாவின் கடிதம். விடுதிக் கட்டிலில் இருந்தே வரைகிறாளாம். கதவை அவர்கள் எத்தனை மணிக்குப் பூட்டினால் என்ன?

19.09.1999, ஞாயிறு

கெம்பஸில் ஸ்ட்ரைக்காம். பாலத்தைக் கொடுக்கிற நாளை ஒக்டோபர் இருபத்திரண்டுக்குத் தள்ளிவிட்டார்களாம். “இன்னும் மூணு கிழமை வைச்சுக்கொள்ளலாமா உம்மம்மா?” என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

என்ன எழுத? ஒக்டோபரில் இருந்துதான் ஜுனைட்டுக்கும் வேலை. டிசம்பர் சோதனைக்கு மாதிரி வினாத்தாள் அடித்துக் கொடுக்க நாலு டியூஷனோடு பேசியிருக்கிறான். மதகைத் திறக்கிற நாளில் உம்முவிடம் போய், இன்னும் மூன்று கிழமை நானே வைத்திருக்கிறேன் என்று ஒரு தரமாவது கேட்டேனா? இல்லை. முறை என்றால் முறை. கொண்டுவா என்று எழுதினேன். அதைக் கேட்டு அஸீஸா அழுதாள். எழுதினேன். நாளைக்குப் போஸ்ட் பண்ண வேண்டும்.

20.09.1999, திங்கள்

காலையில் தகரம் இழுபடுகிற சத்தம். கைருன்னிஸா கடப்பால் வந்து நின்றாள், ஏழு மாதத்துக்குப் பிறகு. அஸீஸாவின் அழுகை வேலிக்கு அங்கால கேட்டிருக்கிறது.

“கடிதத்தைக் கிழிங்க உம்மா.”

“முறை மாறக் கூடாது மகள்.”

“மாறல்ல. ஒக்டோபர் எங்கடதானே? எங்கட போகத்துல இருந்து மூணு கிழமை நான் குடுக்கிறன். நீங்க குடுக்கல்ல, ராத்தாவும் எடுக்கல்ல, நான் குடுக்கிறன். அப்பிடி எழுதுங்க.”

“ஜுனைட்ட வினாத்தாள்?”

“பாண்டிருப்புப் புள்ளைட வகுப்பில இருந்து அடிப்பானாம். கேட்டுட்டான்.”

அவள் சொன்னபடி, அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன்.

23.10.1999, சனி

றுஸ்தா வந்தாள். லெப்டொப் பேக்கோடு நேராகக் கைருன்னிஸாவின் வீட்டுக்குத்தான் போனாள். எங்களிடம் பிறகுதான் வந்தாள்.

02.04.2000, ஞாயிறு

வயலில் உம்முவின் போகத்துக்கு விதைப்புத் தொடங்கிவிட்டது. நேற்றே கைருன்னிஸா லெப்டொப்பைத் துடைத்து, உறையில் போட்டு, கடப்பால் கொண்டுவந்து அஸீஸாவின் மேசையில் வைத்தாள். நாள் தப்பவில்லை. அஸீஸா றுஸ்தாவின் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினாள்: கொம்பனியில் எனக்கென்று ஒன்று தந்திருக்கிறார்கள், என் போகத்தை ஜுனைட்டுக்குக் கொடுங்கள். ஊற்றின தேத்தண்ணீர் ஆறுமுன் சாமான் வந்த வழியே திரும்பிப் போனது. ஜுனைட் அதை வைத்து இருபது பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறான். இருபத்தொன்றாவது ஆள் நான்தான் என்று கேலி பண்ணுகிறான். சேர்ந்தாலும் சேர்வேன்.

கடப்பில் இருந்த தகரத்தைக் கோழிக்கூட்டுக்கு அடித்தாயிற்று.

றுஸ்தாவுக்கு இப்போது எழுதி முடித்த கடிதத்தின் கடைசியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

மகள், அலுமாரிக்கு மேல் இருக்கும் உன் படத்தில் நீ இன்னும் பள்ளிக்கூட உடுப்போடு நிற்கிறாய். பார்க்க வருகிறவர்கள் பாலம் கட்டுகிறவள் இவளா என்று கேட்கிறார்கள். வேலை இடத்தில் முக்காட்டுக்கு மேல் மஞ்சள் தொப்பி போடுவதாக எழுதியிருந்தாய் அல்லவா? அந்தத் தொப்பியோடு, பாலம் பின்னால் தெரிய, புதுப் படம் ஒன்று எடுத்து உடனே போஸ்ட் பண்ணு. ரெண்டு பிரதி அனுப்பு. ஒன்று உன் சாச்சி கைருன்னிஸா கேட்டது.