கண்மாய்க்குள் டிரம்ஸ்

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே வெயில். மாவுக்கட்டு பிரித்தாயிற்று. இடது மணிக்கட்டு இளைத்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ மாதிரி. ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அமுக்கினேன். பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

குமரன் போன். எங்கள் பேண்டின் கிட்டார், பாதிப் பேச்சும் அவன்தான். "ரெஜி, கோவிச்சுக்காத. ஏப்ரல் பதினொண்ணு ஷோவுக்கு வேற டிரம்மர் வச்சு பிராக்டிஸ் ஆரம்பிச்சுட்டோம். நல்லா அடிக்கிறார். தற்காலிகமாத்தான்."

தற்காலிகம்! பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த இடம் இது. துண்டை எடுத்தால் போச்சு. திருச்சி காலேஜில் நானும் அவனும் ஆரம்பித்த பேண்ட். சென்னையில் ஒரு பள்ளம், ஒரு ஸ்கூட்டர், ஒரு கை. அதற்குள் ஆள் மாற்றமா? இருபத்தைந்தாம் தேதிக்குள் இரண்டு பாட்டு வாசித்து வீடியோ அனுப்புகிறேன், கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றேன். சரி என்றான்.

வாங்க வேண்டியவை: எண்ணெய் (கைக்கு), மணிக்கட்டுப் பட்டை, அம்மாவுக்குக் கால்வலித் தைலம்.

மார்ச் 6, வெள்ளி

மாடியில் என் பழைய டிரம்ஸ். உறையைப் பிரித்து இரண்டு தட்டு தட்டியிருப்பேன். அம்மா படியேறி வந்துவிட்டார்.

"ஏத்தா, தவக்காலத்துல என்ன சத்தம்? கோயில்லயே டிரம்ஸ மூடி வச்சிருக்கு."

உண்மைதான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எங்கள் கோயில் டிரம்ஸ் மேல் ஊதாத் துணி விழும். ஈஸ்டர் பூசையில் மணி அடிக்கும்போதுதான் எடுப்பார்கள். நானே அப்படி ஆரம்பித்தவள். பதிமூன்று வயது. வாசிக்கிற அண்ணன் ஈஸ்டருக்கு முன்னால் சிங்கப்பூர் போய்விட, பாடகர் குழுவில் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த என்னை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அம்மாவுக்கு ஒரே பெருமை. பெண் அதையே பிழைப்பாக எடுப்பாள் என்று கண்டாரா?

"இது என் வேலைம்மா."

"வேலைதான். ஈஸ்டர் வரைக்கும் லீவு போடு. மத்தவுக போடல?"

அப்பா, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரைத் திருப்பினார். ஏற்கெனவே படித்த பக்கம். கோபத்தில் நான் சாப்பிடவில்லை. பசித்ததும் சாப்பிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே ஒரு அக்கா: "சென்னையில பாட்டு டீச்சராத்தான இருக்கே?" அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். நான் மறுக்கப் போக, அம்மா என் முழங்கையைப் பிடித்தார். நல்லவேளை, வலது.

மத்தியானம் அப்பா தனியாக: "வலையபட்டியில எங்கிட்டப் படிச்ச பையன் வீடு பூட்டிக் கிடக்கு. அவுக அம்மாட்ட கேட்டுட்டேன்." அந்த ஆச்சி சென்னையில் இருக்கிறார். போனில் என்னிடமே பேசினார்: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. மத்தபடி அடிச்சுக்க."

அப்பாவை இன்று மிகப் பிடித்திருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

குட்டியானையில் டிரம்ஸ் ஏற்றினோம். டிரைவர்: "கரகாட்டமாக்கா?" ராக் என்றேன். "அதுக்கு எத்தனை பேரு ஆடுவாக?"

வலையபட்டி வீடு பழைய செட்டிநாட்டு வீடு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. சாவி பாண்டியம்மா அக்காவிடம். வாரத்துக்கு ஒருதரம் வந்து பெருக்குகிறவர். கல்யாணக் கூடத்தில் பாய் விரித்துச் செட் போட்டேன். முதல் அடி. அம்மாடி! அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வருகிறது சத்தம். ஒரு அடி அடித்தால் இரண்டு. தூணில் இருந்த புறாக்கள் எல்லாம் வெளியே.

"நீங்க அடிங்க, நான் பொறத்தால இருக்கேன்" என்று பாண்டியம்மா அக்காவும் வெளியே.

கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 16, திங்கள்

நன்றாக வருகிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வருகிறது. இடது கை கேட்ட இடத்துக்குப் போகிறது. இந்தக் கூடத்தில் வாசித்தால் இன்னொரு ஆள் கூட உட்கார்ந்து வாசிப்பது போல் ஒரு தைரியம்.

அவசரப்பட்டு இன்றே வீடியோ எடுத்து அனுப்பினேன். தெனாவட்டுதான்.

மார்ச் 17, செவ்வாய்

குமரன்: "சத்தம் நல்லா இருக்கு. ஆனா பின்னால இழுக்குது ரெஜி. ஒவ்வொரு அடியும் கொஞ்சம் லேட். கை இன்னும் சரியாகலையோ?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆமாம். இழுக்கிறது. நான்! மேடையில் மற்ற எல்லாரும் தாளம் தப்பும்போது என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அழுதேன். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. தண்ணீர் வீணாகிறது என்று அம்மா கதவைத் தட்டினார்.

மார்ச் 18, புதன்

போகவில்லை. படுத்தே கிடந்தேன். சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் காதில் கிளிக் போட்டேன் (போனில் டிக் டிக் என்று நேரம் தட்டும் ஆப்). தலையணையில் குச்சியால் வாசித்துப் பார்த்தேன். டிக்குக்கு அடி, டிக்குக்கு அடி. ஒரு மயிரிழை பிசகவில்லை. மறுபடி. பிசகவில்லை.

அப்புறம் ஏன்?

மார்ச் 19, வியாழன்

விடிந்ததும் வலையபட்டி. டிரம்ஸைத் தொடவில்லை. கூடத்தின் நடுவில் நின்று கை தட்டினேன். போனது. வந்தது. மறுபடி தட்டினேன். திரும்பி வரும் சத்தத்துக்காகக் காத்திருந்து அடுத்ததைத் தட்டினேன்.

அவ்வளவுதான். இத்தனை நாளும் நான் சுவரின் சத்தத்தோடு சேர்ந்து வாசித்திருக்கிறேன். அது வந்த பிறகு அடுத்த அடி. ஆரம்பத்திலேயே கிளிக் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். கை எப்படி ஓடுகிறது பார்க்கலாம் என்று சும்மா வாசித்ததில் வந்த வினை. கை இல்லை. வீடு!

சத்தம் போட்டுச் சிரித்தேன். அதுவும் திரும்பி வந்தது. பாண்டியம்மா அக்கா எட்டிப் பார்த்து, "தனியா இருந்தா இந்த வீட்டுல இப்படித்தான் ஆகும்" என்றார்.

சுவரே இல்லாத இடம் வேண்டும். ஊருக்கு வெளியே கண்மாய் வற்றிக் கிடக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

அதே குட்டியானை. டிரைவர் இப்போது எதுவும் கேட்பதில்லை.

கண்மாய் நடுவில் பாய், அதன் மேல் செட். காலால் அடிக்கும் பெரிய டிரம் நகராமல் இருக்க முன்னால் ஒரு கல். சத்தம் போனது போனதுதான், திரும்பவில்லை. முதலில் ரொம்ப அனாதையாக இருந்தது. என் அடி, என் நேரம், வேறு துணை இல்லை.

ஆடு மேய்க்கிற அம்மா: "ஏத்தா, ஆடு மெரளுது. அங்குட்டுத் தள்ளிப் போயி அடி." தள்ளிப் போனேன். மறுபடி செட் போட்டேன்.

ஒன்பது மணிக்கெல்லாம் சிம்பல் தட்டுகள் தொட முடியாத சூடு. நாளையிலிருந்து விடிந்ததும் வர வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

நாளைக்குக் கெடு. இன்று எடுத்தே ஆக வேண்டும். குட்டியானை தாமதம், வெயில் ஏறிவிட்டது. மூன்று தரம் எடுத்தும் பாதியில் போன் சூடேறி நின்றுவிட்டது. நான்காவதற்குத் தயாராகும்போது கரைமேல் ஒரு குடை. அம்மா! கையில் கஞ்சித் தூக்கு. அப்பா பின்னால் ஸ்கூட்டரோடு.

திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"வீட்டுலதான் கூடாதுன்னேன். கண்மாயில அடிச்சா எனக்கென்ன?" என்றார். பிறகு போனைத் தொட்டுப் பார்த்து, "இது கொதிக்குதே" என்று தன் குடையை அதற்குப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் தலைக்கு முந்தானை மட்டும்.

வாசித்தேன். இரண்டு பாட்டும், ஒரே மூச்சில். இழுக்கவில்லை. தெரியும் எனக்கு.

ஆட்டுக்கார அம்மா கேட்டது வீடியோவில் கடைசியில் விழுந்திருக்கிறது: "யாரும்மா அது?" அம்மா குரல்: "எம் மக. டிரம்ஸ் அடிக்கிறவ. சென்னையில பேண்ட் வச்சிருக்கா."

பாட்டு டீச்சர் போய்விட்டார். வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.

மார்ச் 26, வியாழன்

குமரன்: "இழுக்கல. ஆனா அந்த டிரம்மரும் இவ்வளவு நாள் உழைச்சிருக்கார். திங்கட்கிழமை ரெண்டு பேரும் வாசிங்க. எல்லாரும் கேட்டு முடிவு பண்ணலாம்."

நான் ஆரம்பித்த பேண்டில் எனக்கே பரீட்சை. எரிச்சல். பரவாயில்லை, போகிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. குருத்தோலைப் பவனி முடிந்து மூட்டை கட்டினேன். குச்சி, எண்ணெய், மணிக்கட்டுப் பட்டை, முறுக்கு. குச்சிப் பைக்குள் ஓலைச் சிலுவை ஒன்று. நான் வைக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

சென்னை. புழுக்கம். அவர் முதலில் வாசித்தார். நல்ல வாசிப்பு, பொய் சொல்லக் கூடாது. அடுத்து நான். "கிளிக் வேணுமா?" என்றான் குமரன். வேண்டாம் என்றேன். மூன்றாவது பாட்டின் நடுவில் கிட்டார் தடுமாறியது. குமரன் திரும்பி, பழைய வழக்கப்படி, என்னைப் பார்த்தான். நான் தாளத்தை விட்டு நகரவில்லை. அவன் வந்து சேர்ந்தான்.

முடிந்தது. அந்த டிரம்மர்தான் முதலில் எழுந்து வந்து கை குலுக்கினார். என் இடது கையை.

அம்மாவுக்குப் போன். "கெடச்சிருச்சும்மா. பதினொண்ணாந்தேதி நான்தான்."

"தெரியும். சரி, சனிக்கிழமைக்குள்ள ஊருக்கு வந்துரு. ஈஸ்டர் பூசைக்கு மணி அடிக்கையில டிரம்ஸுக்கு ஆளில்லையாம். ஒன் பேரக் குடுத்துட்டேன்."