ஆயில் கலந்துதான் ஓட்டினேன்

மார்ச் 4

வாலுப் பெண்ணுக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், அம்மா நடுவில் நின்று அழுகிறாள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி இப்படித்தான்.

தோள் எலும்பு கூடிவிட்டதாக அம்மா சொன்னாள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை நிறுத்தாதே, உனக்குச் சோம்பல் ஜாஸ்தி.

வண்டி விஷயம். டயர்க்கடைக்காரரிடம் விலை பேசிவிட்டேன். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவார். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? நீ மறந்தாய். ஓட்டத்திலேயே பிஸ்டன் இறுகி இன்ஜின் சீஸ் ஆனது, ட்ராக் மேட்டிலிருந்து உன்னைத் தூக்கியடித்தது. உயிர் தப்பியதே பெரிசு. நம் பைக் பந்தயக் கிளப் மாஸ்டரிடமும் இதைத்தான் சொன்னேன். உன்னை இனி ட்ராக்கில் விடப்போவதில்லை என்கிறார். அதுவும் நல்லதுக்குத்தான். உன் மேல் எனக்குக் கோபமில்லை, மனுஷர் மறப்பது சகஜம்.

ஒரு நல்ல சேதி. நான் ஊர் திரும்பியதும் கிளப்பின் ரிப்பேர் ஷெட்டை என்னிடமே விடுகிறாராம் மாஸ்டர். இந்தக் குடோனில் பெட்டி அடுக்கியது போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

சொன்ன பேச்சைக் கேள்.

உன் அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

கை எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டிருந்தாய். சிலிண்டரைக் கழற்றித் தூக்கும் அளவுக்குப் போகிறது. ஆமாம், இன்ஜினைப் பிரித்துவிட்டேன்.

"அடிப்பாவி!" என்று நீ அங்கே அலறுவது இங்கே கேட்கிறது. நன்றாக அலறு. காகிதத்தில் குறுக்கே பேச முடியாதென்று நீதானே சொன்னாய்.

மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வையை விரித்து, டேங்க், சைலென்சர், கார்புரேட்டர், ஹெட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சிலிண்டரை மேலே உருவியதும் கீழே தெரிந்த ஓட்டையில் சுத்தமான துணியை அடைத்தேன். பிஸ்டனைப் பார்த்தேன். பக்கவாட்டில் பூனை பிராண்டிய மாதிரி கோடு கோடாக இருந்தது. ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

அப்புறம் பிஸ்டன் பின்னை வெளியே தள்ளி, அதைத் தாங்கும் பேரிங்கை விரலில் உருட்டிப் பார்த்தேன். விரல் முழுக்க வழவழவென்று ஆயில். ஆயிலில்லாமல் ஓடியிருந்தால் அது கருகி நீலம் பாரித்திருக்கும். நான் ஆயில் கலந்துதான் ஓட்டினேன் அண்ணா. விழுந்த நாளிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்ற இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? நீங்கள் யாராவது காது கொடுத்தீர்களா?

அப்படியானால் ஏன் சீஸ் ஆனது? தேடினேன். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பின் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு மறைத்திருக்கிறது. டியூப் தளர்ந்து அந்த வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. உள்ளே போகும் பெட்ரோல் குறைந்து, அதோடு வரும் ஆயிலும் குறைந்து, சூடு தாங்காமல் பிஸ்டன் இறுகிவிட்டது.

டியூபின் நுனி உள்பக்கமாக மடித்துச் செருகியிருந்தது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயிலும் அப்பாவின் மூக்குக் கண்ணாடியிலும் நீ சுற்றிய டியூபில் அதே மடிப்புத்தான் இருக்கிறது. நீ கிளம்புகிற அவசரத்தில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பதில் எழுது.

உன் வாலு


மார்ச் 20

தங்கைக்கு,

உன்னை யார் பிரிக்கச் சொன்னது? டயர்க்கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

யார் கட்டினால் என்ன, எதைக் கட்டினால் என்ன, நடந்தது நடந்துவிட்டது. இதையெல்லாம் கிளறி யாருக்கு என்ன லாபம்? நீ பெண்பிள்ளை, உனக்கு ட்ராக் இல்லாவிட்டால் வேறு ஆயிரம் இருக்கிறது. எனக்கு அந்த ஷெட் ஒன்றுதான். ரப்பருக்கு டியூப் சுற்றிய மெக்கானிக்கிடம் யார் சாவியைக் கொடுப்பார்கள்? கொஞ்சம் யோசி.

மாட்டத் தெரியாமல் மாட்டி இன்னொரு எலும்பை உடைத்துக்கொள்ளாதே. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடி வை. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் டயர்க்கடைக்காரர் வந்தார். போர்வையில் கிடந்ததைப் பார்த்து, "என்னம்மா இது, வண்டின்னு சொன்னாங்க?" என்றார். "இதுதாங்க வண்டி. வேணும்னா மூட்டை கட்டித் தரேன்," என்றேன். தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். இது நீ கிளம்பும்போது அம்மா முன்னால் "இனி இது உன்னோடது" என்று எனக்குக் கொடுத்த வண்டி. கொடுத்ததை விற்க உனக்கு என்ன பாத்தியதை?

பெட்டியில் போட்டு மூடவில்லை. மாட்டிவிட்டேன்.

சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம்தான் அப்பியிருந்தது, அதைச் சுரண்டாமல் பக்குவமாக எடுத்தேன். உள்பூச்சு தப்பித்துவிட்டது. புது ரிங்கைச் சிலிண்டருக்குள் தள்ளி, அதன் இரு நுனிக்கும் நடுவே இடைவெளி சரியா என்று அளந்தேன். புதுப் பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி சைலென்சர் பக்கம் பார்க்க வைத்தேன். பேரிங் புதிது, ரப்பரும் புதிது, ஒட்டுப் போடாதது.

சிலிண்டரை இறக்கத்தான் இரண்டு கை போதவில்லை. ரிங்கை நான் அமுக்க, சிலிண்டரைப் பிடிக்க ஆள் வேண்டும். "எனக்கும் அந்தச் சனியனுக்கும் சம்பந்தமில்லை" என்று சொன்ன அப்பாவையே கூப்பிட்டேன்.

"ஆடாம பிடிங்கப்பா."

"எவ்ளோ நேரம் இப்படியே நிக்கறது? மூக்கு அரிக்குதும்மா."

"அரிக்கட்டும்."

சளக்கென்று உட்கார்ந்தது. அப்பா மூக்கைச் சொறிந்துகொண்டே, "இதுக்கா இவ்ளோ கூப்பாடு?" என்றார். அப்புறம் தரையில் கிடந்த அந்த டியூபை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதையும் பார்த்தார்.

கிக்கரை உதைத்து உதைத்து முட்டி கழன்றுபோன நேரத்தில் வண்டி பிடித்துக்கொண்டது. புகையில் காயப்போட்ட துணியெல்லாம் நாறி, அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். நான் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

வரும் பதினைந்தாம் தேதி மாஸ்டரைப் பார்க்கப் போகிறேன். பழைய பேரிங்கையும் பிஸ்டனையும் அவர் மேசையில் வைப்பேன். ஆயில் கலக்கத் தெரியாதவள் என்ற பேரோடு என்னால் இருக்க முடியாது. ரப்பரைப் பற்றி நானாக வாய் திறக்க மாட்டேன், அதை நீயே அவரிடம் சொல்லிவிடு. அதற்குத்தான் இத்தனை நாள் தருகிறேன். சொன்னால் உன் தலையை யாரும் வாங்கிவிட மாட்டார்கள்.

உன் வாலு


ஏப்ரல் 28

அண்ணனுக்கு,

உன் கடிதம் வரவில்லை. ஆனால் நீ மாஸ்டருக்குப் போன் செய்திருக்கிறாய்.

அப்பாவும் என்னோடு வந்தார். மாஸ்டர் பேரிங்கை உருட்டி, விரலை முகர்ந்து பார்த்து, "ஆயில் இருந்திருக்கும்மா, உன்மேல தப்பில்லை," என்றார். மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே கேட்டார்: "ஆனா உங்கண்ணன் போன் பண்ணினான். இன்டேக் ரப்பர்ல டியூப் சுத்தி ஓட்டினியாமே? நீயே கட்டினதுன்னு சொன்னான்."

அப்பா ஒரு எட்டு முன்னால் வைத்தார். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உன் ஷெட் அந்த இடத்திலேயே போயிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் உன்னைக் காட்டிக்கொடுத்துத்தான் ட்ராக்கில் ஏற வேண்டும் என்ற நிலைமையில் நான் இல்லை.

"அதை யாரு கட்டினதா வேணா இருக்கட்டும் மாஸ்டர்," என்றேன். "இப்ப இந்த இன்ஜினை மாட்டினது நான். உதைச்சுப் பாருங்க."

உதைத்தார். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். புது ரப்பரைச் சுற்றிப் பெட்ரோல் கசிகிறதா என்று விரலை விட்டுத் தடவினார். "ஓட்டு," என்றார்.

ஓட்டினேன். என்னைத் தூக்கியடித்த அதே மேட்டில் ஏறித் தாண்டினேன். போன வாரப் பந்தயத்தில் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன், சிரித்துக்கொள். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

ஷெட் உனக்குத்தான். மாஸ்டர் மனசு மாறவில்லை, நானும் மாற்றவில்லை. வா, எல்லார் வண்டியையும் பிரி, மாட்டு. அம்மாவுக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டு எழுது, பதில் போடுகிறேன். அப்பாவிடம் நீயே பேசிக்கொள்.

என் வண்டி மட்டும் உன் ஷெட்டுக்குள் வராது. சொந்தத் தங்கை ஏன் வண்டியை உன்னிடம் விடுவதில்லை என்று கிளப்பில் யாராவது கேட்பார்கள். நான் வாய் திறக்க மாட்டேன். நீயே ஏதாவது சொல்லிக்கொள். உனக்கு அது நன்றாக வருகிறது.

இப்படிக்கு,
தங்கை