ரேடியேட்டரில் குறையாத தண்ணீர்

விருத்தாசலம்
18-1-1971

அன்பு மகள் பெரியநாயகிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் சுகம், கார் மட்டும் சுகமில்லாமல் கிடந்து இப்போது தேவலை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பதும் சுகம்தானா என்று உன் கைப்பட எழுது. போன கடிதத்தில் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, நீ முடியாமல் படுத்திருக்க மாப்பிள்ளை எழுதினாரோ என்று பழைய கடிதத்தை எடுத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். என்னிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

மாசி முதல் வாரம் நீ பிரசவத்துக்கு வந்ததும் கடலூர் டாக்டரம்மாவிடம் போகவர நம் பழைய காரைத்தான் நம்பியிருக்கிறோம். பொங்கலுக்கு முன்னால் டிரைவர் கொளஞ்சி வந்து, தண்ணி பம்பு கசியுதுங்க ஐயா, மாத்திடுங்க, பாப்பாவ வச்சிக்கிட்டு வழியில நின்னுடப் போவுது என்றான். குனிந்து பார்த்தேன், அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் காலையில் ரேடியேட்டரில் மட்டும் ஒரு செம்பு தண்ணீர் குறைகிறது. நம் ஷெட்டில் தரை மணல், சொட்டியது அங்கேயே உறிஞ்சிவிடும் என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. இவனே தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒர்க்ஷாப்காரனோடு சேர்ந்துகொண்டு பம்பு போச்சு என்கிறானோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதை அடக்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும், கேட்டுவிட்டேன். அவன் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தான், அம்மாகிட்ட சொல்லிட்டுப் போறேன் என்று அடுப்படிப் பக்கம் போனான், அப்படியே தன் ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மறுநாளிலிருந்து தண்ணீர் குறையவே இல்லை. தினமும் மூடியைத் திறந்து பார்த்தேன், கழுத்து வரைக்கும் நிற்கிறது. பார்த்தாயா, ஆள் போனான், கசிவும் போயிற்று என்று உன் அம்மாவிடம் சொன்னேன், நம் பீங்கான் பட்டறையில் வேலை செய்கிற கருப்பனிடம் சொன்னேன், தபால்காரரைக்கூட நிறுத்திவைத்துச் சொன்னேன். உன் அம்மா ஆமாம் ஆமாம் என்றாள். அவள் இரண்டு முறை ஆமாம் போட்டால் உள்ளே வேறு ஏதோ வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அதோடு, போனவன் கோபத்தில் திரும்பி வந்து வண்டியில் ஏதாவது செய்துவைப்பானோ என்று வேறு ஒரு யோசனை. ஐந்தாம் நாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து வெள்ளைக் களிமண் தூள் ஒரு கூடை கொண்டுவந்து காரைச் சுற்றியும் அடியிலும் சலித்துத் தூவினேன். எவன் வந்தாலும் கால் பதியட்டும் என்று.

காலையில் போய்ப் பார்த்தால் பதிந்திருந்தது. அடுப்படியிலிருந்து நேராக பானெட் வரைக்கும் வந்து, அதே வழியாகத் திரும்பிய காலடி. இடது காலில் சுண்டு விரல் தடம் இல்லை. உன் அம்மாவுக்கு அந்த விரல் மேலே தூக்கிக்கொண்டிருக்கும், உனக்கும் அப்படித்தானே. பம்புக்கு நேர் கீழே, தூளில் சொட்டுச் சொட்டாக விழுந்து ஒரு குழி. உன் அம்மாவைக் கேட்டேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள், கொளஞ்சிதாங்க சொல்லிட்டுப் போனான், ஐயா கோவத்துல தண்ணி பாக்க மாட்டாரு, விடியக்காலைல நீங்க ஒரு செம்பு ஊத்திடுங்கம்மா, தண்ணி இல்லாம யாராச்சும் எடுத்துட்டா இன்ஜினு போயிடும், பாப்பாவுக்கு வண்டி வேணும்னான் என்று. நான் திருடன் என்று சொன்ன கையோடு அவன் உனக்காக இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஊரெல்லாம் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு ஒர்க்ஷாப்புக்குப் போவது? கடலூரில் புதுப் பம்பு வாங்கிவந்து, யாரும் மாற்றிவிடாமலிருக்க ஆணியால் அதில் என் பெயரின் முதலெழுத்து ‘தே’ என்று கீறிவைத்து, வீட்டிலேயே நான் மாட்ட உட்கார்ந்தேன். மாற்ற யார் இருக்கிறார்கள், நானும் உன் அம்மாவும்தான். தண்ணீரை வடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, காற்றாடியைக் கழற்றி, போல்ட்டுகளைச் சூளையில் கோணிப்போன ஊறுகாய் ஜாடிகளில் ஒன்றுக்கு ஒன்றாகப் போட்டுவைத்தேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். மாட்டித் தண்ணீர் ஊற்றினால் ஓரமாக ஒழுகுகிறது. பம்புக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கத்தினேன். உன் அம்மா விரலால் தடவிப் பார்த்து, பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்திருந்த பழைய பேக்கிங் காகிதம் இன்னும் இன்ஜினில் ஒட்டியிருக்கிறது என்றாள். கத்தியால் சுரண்டி எடுத்து மறுபடி மாட்டினேன். ஒழுகவில்லை. பம்பு சரியாயிற்று, ஆனால் எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே.

நேற்று பஸ் ஏறி அவன் ஊருக்குப் போனேன். கொளஞ்சி கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். பம்பு மாற்றியாயிற்று என்றேன். யாருங்க மாட்டுனது என்றான். நான்தான் என்றதும் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே கிளம்பிவிட்டான். பஸ்ஸில் வரும்போது, தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். இரைச்சலில் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன். மொதல்லயே கேட்டுச்சுங்க என்றான். வீட்டுக்கு வந்தவன் சாவியைத் தொடுமுன் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான், அடியிலும் படுத்துப் பார்த்தான். என்னடா, நம்பிக்கை இல்லையா என்றேன். ஐயா மேல நம்பிக்கைதாங்க, பேக்கிங் மேலதான் இல்ல என்றான். பெண்ணாடம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினோம், ஒரு சொட்டு குறையவில்லை. இறங்கியதும் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தான். நான் அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, இனி உன்னிடமே இருக்கட்டும், வீட்டுக்கு எடுத்துப் போ என்று சொல்லிவிட்டேன். கார் இங்கே நிற்கிறது, சாவி கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிறது. இதை எழுதுவதற்குள் மூன்று முறை ஜன்னல் கட்டையைப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் திருப்பிக் கேட்க மாட்டேன்.

நீ படியேறி இறங்கும்போது பார்த்து நட, ரயிலில் யார் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே. பழமலைநாதர் உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. முக்கியமாக ஒன்று, விருத்தாசலம் ஜங்ஷனில் உன் பெட்டியை வாங்க கொளஞ்சிதான் முதலில் ஓடி வருவான். என்னிடம் பேசுவதற்கு முன்னால் அவனிடம் பேசு.

உன் அப்பா,
தேவநாதன்