செவ்வாய்க்கிழமை வந்த கார்கள்

அன்புள்ளவனுக்கு,

உன் தங்கை வீட்டுச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

கடையை மூடப்போவதாகப் பலகை மாட்டிவிட்டு நீ டல்சாவில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போன மறுநாளே, நம் டிரைவ்-இன் உணவக வாசலில் கார்கள் வரிசைகட்டின. காருக்குள்ளேயே பர்கரைக் கடித்தபடி எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். ஆர்வில் கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க காதலே இங்கதாம்மா ஆரம்பிச்சுது. மூடிடாதீங்க!”

“கடைசியா எப்ப வந்தீங்க?”

“அது... இருபது வருஷம் இருக்கும்.”

“அழுதா அடுப்பு எரியுமா? செவ்வாய்க்கிழமை வாங்க. அன்னிக்குத்தான் ஈ ஓட்டுறோம்.”

வந்தார். பின்னாலேயே அவருடைய சர்ச் கூட்டாளிகளின் கார்களும் வந்தன. தட்டேந்தி ஓடியதில் என் கால் வீங்கிவிட்டது. பலகையைக் கழற்றிவிட்டேன், இனி மாட்டவும் விடமாட்டேன்.

நீ தோற்றுவிட்டதாக ஊரில் யாரும் பேசவில்லை. வெங்காயம் நறுக்க ஆள் வேண்டும். வெள்ளிக்குள் வந்துவிடு.

உன் மனைவி