வெள்ளகவிக்குள் போகாத என் ஷூ

அன்புள்ள வடிவு அக்காவுக்கு,

வணக்கம். பழனியில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். நானும் நலமே, கணுக்கால் மட்டும் பிசகிவிட்டது. பயப்படாதீர்கள்.

வெள்ளகவிப் பிள்ளைகளுக்கு இணைப்புத் திசு பற்றிப் பாடம் நடத்தினேன். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார், இரத்தமும் இணைப்புத் திசுதான் என்றேன். பிறகு ஊர் எல்லையில் ஷூவை மாட்டிக்கொண்டு, கீழே ஓடைக்கு இறங்கும்போது விழுந்து, என் தசைநாரே கிழிந்தது.

ஊர்க்காரர்கள் டோலி கட்டித் தூக்கினார்கள். கொடைக்கானலுக்கு ஊர் வழியாகத்தான் ஏற வேண்டும். ஊரையே கோயிலாக நினைப்பதால் அங்கே ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. வீக்கத்தில் என் ஷூ கழலவில்லை.

"வெட்டி எடுத்துருவோம் டீச்சர்," என்றார் முருகம்மாள்.

மகன் வாங்கித் தந்த நல்ல ஷூ, வெட்டக்கூடாது என்றேன்.

"அப்ப ஊரச் சுத்திப் போவோம்ங்க. டீச்சர் கனமில்ல, ஷூதான் கனம்!" என்று சிரித்தார் டோலியின் முன்கொம்பைப் பிடித்திருந்த ஆண்டிச்சாமி.

வெறுங்காலோடு முட்காட்டில் என்னைச் சுமந்தார்கள். கொடைக்கானலில் டாக்டர் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த ஷூவை வெட்டிப் போட்டார்.

கால் கட்ட உங்கள் பழைய நூல் சேலை ஒன்று அனுப்புங்கள். இங்கேயும் துணி கிடைக்கும், ஆனாலும் உங்களுடையது வேண்டும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். என் மகன் ஞானவேலிடம் காலைப் பற்றிச் சொல்லுங்கள். ஷூவைப் பற்றிச் சொல்லாதீர்கள்.

தங்கை,
ராஜகுமாரி