பெரிய வாரத்தில் ஆர்மோனியம்

குருத்தோலை ஞாயிறு
மழை. எங்கள் பத்து பாகாட் ஊர்க் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். ஓலை நனையாமல் வீடு வந்து சேர்ந்தது. இன்று 'ழ' சாயாமல் நின்றது! எழுத்து சொல்லித் தரும் மகள் ரோசா, "அப்பா, அச்சு மாதிரி இருக்குப்பா" என்றாள். கிழவனுக்கு வந்த சந்தோஷம்.

மற்றபடி பயம். சிங்கப்பூர் கன்னியர் மடத்தில் பாட்டு டீச்சர் படிப்புக்கு ஒரு பெண் வேண்டுமாம். அங்கிருந்து ஒரு பாதிரிச் சாமி வியாழன் பூசைக்கு வந்து ரோசாவின் வாசிப்பைக் கேட்பார். சிறுவயதுக் காய்ச்சலில் அவள் வலது கால் சூம்பிவிட்டது. விரல் அவளுடையது, கோயில் ஆர்மோனியத்தின் காற்று மிதியை மிதிப்பது நான். கால் தெரிந்தால் எடுப்பார்களா?

செவ்வாய்
கோயில் உபதேசியார் யோசனை: ஆர்மோனியத்தைச் சுற்றித் திரை. உள்ளே நான். "சவரிமுத்தண்ணே, உள்ள உக்காந்து இருமிடாதீங்க லா!" சிரித்தேன்.
ரோசாவுக்குத் திரை பிடிக்கவில்லை. "எத்தன நாளைக்குப்பா ஒளிச்சு வெப்பீங்க?"
வாங்க வேண்டியது: மை, ஆணி, கால் தைலம்.

பெரிய வியாழன்
வெயில். குளோரியாவுக்கு மணியெல்லாம் அடித்தார்கள். ரோசா வாசித்தது தேன். அதோடு மணியும் ஆர்மோனியமும் சனிக்கிழமைக் குளோரியா வரை வாய் திறக்கக் கூடாது. வருஷா வருஷம் உள்ள வழக்கம், எனக்குத் தெரியாததா? பயத்தில் கால் நிற்கவில்லை. அவள் கையை எடுத்த பிறகும் மிதித்துக்கொண்டே இருந்தேன். எலி கடித்த துருத்தி. அந்த அமைதியில் புஸ்... புஸ்...
"அலமாக்! பாம்பு!" என்று ஒருத்தி அலறினாள்.
பெண்கள் பெஞ்சு மேல். யாரோ குடைக்கம்பால் திரையை விலக்கினார்கள். குந்தியபடி நான். சாமி என் காலைப் பார்த்தார், பிறகு ரோசா காலை.
பூசைக்குப் பின் அவளிடம் ஒரே கேள்வி: "அங்கே உனக்கு யார் மிதிப்பார்கள்?"
ரோசா சாப்பிடவில்லை. நானும்.

பெரிய வெள்ளி
ஆர்மோனியம் மூடிக் கிடந்தது. பாட்டு தொடங்கச் சுருதி யார் கொடுப்பது? ரோசா எழுந்தாள். பெஞ்சு பெஞ்சாகப் பிடித்து, எல்லோரும் பார்க்க நொண்டிக்கொண்டே பாடுகிற பெண்கள் முன்னால் போய் நின்றாள். மெல்ல முனகிச் சுருதி கொடுத்தாள். கையைத் தூக்கினாள். ரப்பர் தோட்டத்துப் பெண்கள் ஆறு பேரும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். கை தாழ்ந்தால் குரல் தாழ்ந்தது. விரல் மடங்கினால் நின்றது. எனக்கு ஜெபம் ஓடவில்லை. விழுந்துவிடுவாளோ என்று அந்தக் காலையே பார்த்திருந்தேன். விழவில்லை.
சடங்கு முடிந்ததும் சாமி நேரே தன் அறைக்குப் போய்விட்டார்.

பெரிய சனி
குளோரியா, மணி. மறுபடி மிதித்தேன், திரை இல்லாமல். பூசை முடிந்து சாமி வந்தார். "மிதிக்க அங்கே ஆள் பார்த்துக்கொள்ளலாம். இப்படிப் பாட வைக்க ஆள் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை என்னோடு புறப்படு, அம்மா."
ரோசா என் தோளில் சாய்ந்து அழுதாள்.
உபதேசியார் விளையாட்டாக, "இனிமே யாருக்கு மிதிப்பீங்கண்ணே?"
வீட்டில் பெட்டி கட்டுகிறாள். "வாரம் ஒரு காயிதம் போடணும்ப்பா. உபதேசியார எழுதச் சொல்லாதீங்க. நீங்களே எழுதணும்."
சிங்கப்பூர். அந்த ஊர்ப் பேரை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. கால்தான் மேசைக்கு அடியில் மிதித்துக்கொண்டே இருக்கிறது.